ஆறுமுகண்ணன் இறக்கிக் கொடுத்த அண்டா

அண்டாவின் விளிம்பை நான் ஏன் வாசிக்கவில்லை?

அரை நிமிட வேலை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். எங்கள் வரிசையில் என் வயதுக்காரர்களில் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி நான். இருந்தும் வாசிக்கவில்லை. ஏன்? 

மே மாதத்தின் கடைசிச் செவ்வாய். காலை ஒன்பது நாற்பது. தாராவி. நாலாவை ஒட்டிய வரிசை. நாலா என்றால் ஊர்ச் சாக்கடை எல்லாம் போய் விழும் பெரிய கால்வாய்.

ஓடுகிறேன். இடுப்பில் மகள். தோளில் ஃபைல் வைத்த பை. ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் விசில். ஒரு நீண்ட விசில், பிறகு மூன்று குட்டை விசில். ஜேசிபி பின்னால் நகரும்போது வரும் பீப், பீப். அதற்கும் மேலே தகரக் கூரை பிய்கிற சத்தம். தகரம் உடனே பிய்யாது. முதலில் முனகும். அப்புறம் ஆணிகள் தெறிக்கும். பட். பட். பட்.

"காலி கரோ! காலி கரோ! பந்த்ரா மினிட்!"

காலி செய்யப் பதினைந்து நிமிடம். அதைச் சொன்னவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். எங்களைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் லத்தி பிடித்த போலீஸ் இரண்டு வரிசை. ஹெல்மெட். முகக் கண்ணாடி இறக்கியிருந்தது. மே மாத வெயிலில் கண்ணாடிக்குள் அவர்களுக்கும் வியர்த்திருக்கும். அன்று எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. இன்றும் இரக்கம் வரவில்லை.

பதினேழு வீடுகள். இயந்திரம் ஒன்றாம் எண்ணிலிருந்து வருகிறது. எங்கள் வீடு ஒன்பது.

பால்கடை முன்னால் சுகன்யா நிற்கிறாள். பதினோராம் எண் வீட்டு ஆறுமுகண்ணனின் மகள். பத்தொன்பது வயது. ஏற்கெனவே நான்கு குழந்தைகளைச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறாள். என் மகளையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் அவள் காதுகளைப் பொத்தினாள்.

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

திரும்பி ஓடினேன். இது முதல் தவறா? பிள்ளையோடு அங்கேயே நின்றிருக்கலாம். ஃபைல் கையில் இருந்தது. ரேஷன் கார்டு, மின்சார ரசீது, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில்தான். வேறென்ன வேண்டும்?

ஆனால் மாமா உள்ளே இருந்தார்.

மாமா என்றால் என் மாமனார். சண்முகவேல். எழுபத்துமூன்று வயது. தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். வலது முழங்கால் மடங்காது. அன்று காலை மாலாவில், அதாவது வீட்டின் மேல் அறையில், அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்து கத்தினேன்.

"மாமா! வாங்க! இடிக்கான்!"

"இத விட்டுட்டு வரமாட்டேன். நீ போ."

"அது ஓட்டை வழியா வராது மாமா!"

"வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் ஒக்காந்திருக்கேன்."

பித்தளை அண்டா. நூறு பேருக்குச் சோறு பொங்கலாம். வாய் அகலம் ஏறத்தாழ மூன்று அடி. மாலாவுக்கு ஏறும் ஓட்டையோ இரண்டு அடி. மூன்று வருடங்களுக்கு முன் மாலா கட்டியபோது, கூரை போடும் முன்பே அண்டாவைக் கயிறு கட்டி மேலே ஏற்றிவிட்டோம். அதற்கப்புறம்தான் தகரம் வந்தது. அது மூலையில் நின்றது. அதற்குள் போர்வை, பழைய பாடப் புத்தகங்கள், கொசுவலை. வீட்டை இடித்தால்தான் இது வெளியே வரும் என்று என் கணவர் சிரிப்பார். சிரித்தார்.

எங்களுக்கு அண்டா வெறும் பாத்திரம் அல்ல. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டுவார்கள். உளியால் புள்ளி புள்ளியாக. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது முதல் பெயருக்குக் கீழே அடுத்த பெயர். எங்கள் அண்டாவில் மூன்று பெயர்கள். சுப்பம்மாள். வேலம்மாள். காந்திமதி. நான்காவதாக என் பெயர் வர வேண்டும். வெட்டுகிறவர் மாட்டுங்காவில் இருக்கிறார். அண்டாவைக் கொண்டுபோக முடியாது, அவரைத்தான் கூட்டிவர வேண்டும். தள்ளிப்போட்டேன். பிறகு பார்க்கலாம் என்று.

வேலம்மாள் மாமாவின் தாய். பம்பாய்க்கு ரயில் ஏறியபோது அந்த அண்டாவுக்குள் படுக்கையைப் போட்டு, அதன்மேல் மூன்று வயது மாமாவை உட்கார வைத்துக் கொண்டுவந்தாராம். இறங்கிய இடத்தில் போர்ட்டர், பிள்ளைக்குத் தனியாகக் கூலி கேட்டாராம். பம்பாய்க் கலவர மாதங்களில் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் வெளியிலிருந்து இரும்புக் கம்பி கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. அண்டாவின் வயிற்றில் பட்டு நின்றது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது காந்திமதி அத்தை. என் மாமியார். உள்ளங்கை அளவு நசுங்கல். அதை யாரும் தட்டி எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். பெருவெள்ளம் வந்த வருடம் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். என் கணவரின் சான்றிதழ்களும் ரேஷன் கார்டும் அந்த அண்டாவுக்குள் மிதந்து தப்பின. இன்று என் ஃபைலில் இருக்கும் காகிதங்கள் அவை.

மாமா ஏன் இறங்க மறுத்தார் என்று இப்போது புரியும்.

ஒன்பது ஐம்பத்திரண்டு. இயந்திரம் நான்காம் வீட்டில். மேலே ஏறினேன். மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அண்டாவுக்குள் குனிந்து போர்வையை வாரிப் போட்டேன். புத்தகங்களை வாரிப் போட்டேன். என் முகத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் தூரம். பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. நசுங்கல் கண்ணில் படவில்லை. அதுவும் சுவர்ப் பக்கம் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? பார்த்தேனா? தெரியவில்லை. இந்த இடத்தில் என் நினைவு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறது.

கூரைத் தகரத்தைப் பிரித்தால் அண்டாவை வெளியே இறக்கலாம். கணவர் ஐரோலியில் வேலையில் இருந்தார். ரயில் பிடித்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"ஆறுமுகண்ணே! ஆறுமுகண்ணே! ஒரு கை குடுங்க!"

நான்தான் கூப்பிட்டேன். இதைத் தெளிவாக எழுதுகிறேன். மாமா கூப்பிடவில்லை.

ஆறுமுகண்ணன் வெல்டர். நாற்பத்தெட்டு வயது. உயரம். வாசலில் தன் வீட்டு மிக்ஸியையும் மெத்தையையும் போட்டுவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இசக்கியக்கா அந்த நேரத்தில் மாட்டுங்காவில். இரண்டு வீடுகளில் சமையல் வேலை. அதனால் வீட்டைக் காலி செய்ய அண்ணன் ஒருவர்தான். அவர் நின்றார். என்னைப் பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். வந்தார்.

மாமாவை மூட்டைபோலத் தோளில் போட்டு ஏணியில் இறக்கினார். இறங்கும்போதே பேச்சு.

"என்ன மாமா, அண்டாவுக்கும் சேத்து மாத்து ரூம் கேக்கப் போறீரா? ஒமக்கே தரமாட்டான்."

"நீ பேசாத எறக்குல."

"எறக்குதேன், எறக்குதேன். ஒம்ம விட அதுதான் கனம் கம்மியா இருக்கும் போல."

மாமா சிரித்தார். அந்த இடத்தில், அந்தச் சத்தத்தில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து மணி மூன்று நிமிடம். அண்ணன் கூரைமேல். ஸ்பானரால் தகரத்தைக் கழற்றுகிறார். இயந்திரம் ஏழாம் வீட்டுக்கு வந்துவிட்டது. தூசி. வரிசை முனையில் யாரோ கல்லெறிய ஆரம்பித்தார்கள். கல் ஹெல்மெட்டில் பட்டு டொக் என்றது. லத்திகள் எழுந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு ஒன்று, டப் என்று, வெகு பக்கத்தில். கண் எரிகிறது. நானும் எங்கள் வரிசை ஆண்கள் இருவரும் கீழே கயிற்றைப் பிடித்து நிற்கிறோம்.

பத்து பன்னிரண்டு. அண்டா கூரை விளிம்பில் தெரிகிறது. தலைகீழாக. இறங்குகிறது. சுவரில் இடித்து டங் என்கிறது. தரையைத் தொட்டது. மாமா அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"வந்திட்டு! எறங்குல ஆறுமுகம்!"

அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நெற்றியைத் துடைத்தார். எட்டாம் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒற்றைச் செங்கல். அதன் மறுபக்கத்தில் இயந்திரம் கை வைத்தது.

"அண்ணே! சுவரு! சுவரு!"

"ருக்கோ! ருக்கோ! ஊப்பர் ஆத்மி ஹை!"

ஆள் இருக்கிறார், நிறுத்து என்று ஐந்தாறு குரல்கள் கத்தின. ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் நிறுத்த நேரமில்லை. பத்து பதினான்கு. சுவர் விழும் சத்தம் பெரிதாக இல்லை. மணல் கொட்டுவதுபோலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இயந்திரம் நின்றது. பீப் சத்தமும் நின்றது. கூரையில் அண்ணன் இல்லை.

கையால் தோண்டினோம். போலீஸ்காரர் ஒருவரும் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோண்டினார். அதையும் எழுதுகிறேன். பத்து முப்பத்தொன்றுக்கு அவரைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கண் திறந்திருந்தது. ஒரு கை தொங்கியது. சுகன்யா என் மகளை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் பலகைக்குப் பின்னால் ஓடினாள். வரிசையில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. மகள் அழுதாள். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதினோராம் வீடு திறந்து கிடந்தது. அண்ணன் போட்டது போட்டபடி. கட்டில், பீரோ, தையல் மெஷின், சுகன்யாவின் கல்யாணத்துக்கு வாங்கிச் சேர்த்தவை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வாஷியில். கட்டிலுக்கடியில் அவர்கள் அண்டா. பதினொன்றரைக்குத்தான் போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடாமல் மறித்தது. ஒரு மணி நேரம் எனக்கு இருந்தது. உள்ளே போய் எடுக்க முடிந்ததை எடுத்து வெளியே போட்டிருக்கலாம். போகவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர்கள் தள்ளுவண்டிகளோடு வந்துவிட்டார்கள். இடிக்கிற நாள் அவர்களுக்கு எப்படியோ முன்பே தெரியும். ஒருவன் அண்டாவைத் தட்டிப் பார்த்து விலைக்குக் கேட்டான்.

"பாபி, பீத்தள் தேகி க்யா?"

"கை வச்சா ஒடச்சிருவேன். ஹட்!"

"அரே, பூச்சா நா. காலி தேதி ஹை."

கேட்டதற்கே திட்டுகிறாளாம். நாள் முழுக்க அந்த அண்டாவைக் காவல் காத்தேன்.

மூன்று மணிக்கு இயந்திரம் மறுபடி தொடங்கியது. பத்தாம் வீடு. பதினோராம் வீடு. சாமான்களோடு. மூன்று இருபதுக்கு ஒரு தள்ளுவண்டி என்னைக் கடந்து போனது. அதில் நசுங்கிய பித்தளை. சப்பாத்தி மாதிரி மடிந்திருந்தது. இசக்கியக்கா வீட்டு அண்டா என்று நினைத்தேன். ஐயோ பாவம் என்று நினைத்தேன். அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. நல்லவேளை, நம்முடையது தப்பியது. அந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை.

ஆறுமுகண்ணன் வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐந்துக்கு இறந்தார். ஆஸ்பத்திரி முற்றத்தில் இசக்கியக்கா என் தலைமுடியைப் பிடித்தார்.

"ஒன் பித்தளச் சட்டிக்கு எம் புருசன காவு குடுத்திட்டியேடி! அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டியே! வீட்டுச் சாமான எடுக்க வந்த மனுசன கூப்பிட்டியே, நீ வெளங்குவியா? அத வச்சு ஒம் மவளுக்குக் கல்யாணச் சோறு பொங்கு. நான் வந்து அதுல மண்ணள்ளிப் போடுதேன்!"

யாரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது?

நாங்கள் செம்பூரில் வாடகை அறைக்கு வந்தோம். மூன்றாம் மாடி. அண்டா குளியலறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஜூன் இரண்டாம் வாரம். வியாழன். பிற்பகல் இரண்டரை. வெளியே மழை. பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவரலாம் என்று நினைத்தேன். இனியும் தள்ளிப்போடக் கூடாது, இவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய பொருள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போனது. மஞ்சள் வந்தது. புள்ளிகள் வந்தன.

சொர்ணம்.

மாடத்தி.

இசக்கியம்மாள்.

அதற்குக் கீழே, புதிய புள்ளிகளில், சுகன்யா.

அண்டாவைச் சுற்றி ஒரு முறை தடவினேன். இரண்டாம் முறை தடவினேன். நசுங்கல் இல்லை.

உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் குழாயை மூட மறந்தேன். கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

எப்படி நடந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வரிசையில் பெரிய பாத்திரம் யார் வீட்டில் இருந்தாலும் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போகும். மூன்று வருடங்களுக்கு முன் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு அண்டாக்களும் போயின. சோற்றுக்கு ஒன்று. சாம்பாருக்கு ஒன்று. அத்தை இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திரும்ப வாங்கும் பொறுப்பு என்னுடையது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாத்திரம் திரும்பி வந்தாலும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். எழுத்தின் மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். படித்த நான் தடவவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. அன்று மகள் ஏழு மாதக் குழந்தை. கையில் காய்ச்சலோடு அழுதுகொண்டிருந்தாள். மேகம் கறுத்திருந்தது. மாலாவுக்குக் கூரை போடவில்லை. மேஸ்திரி கத்தினார், ஏத்துறதுன்னா இப்பவே ஏத்துங்க என்று. கழுவி ஈரத்தோடு நின்ற இரண்டில் ஒன்றைக் காட்டினேன். அதுதான் என்றேன். ஏற்றினார்கள். மற்றது இசக்கியக்கா வீட்டுக்குப் போனது. அக்காவுக்கும் வாசிக்கத் தெரியாது. தடவியும் பார்க்காமல், தங்களுடையது என்று நம்பிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அரிசி கொட்டி வைத்தார். மூன்று வருடங்கள் யாருக்கும் பெரிய சமையல் இல்லை.

ஆக, ஆறுமுகண்ணன் இறக்கியது அவருடைய அண்டா. அவருடைய மனைவியின் பெயரும் மகளின் பெயரும் உள்ள அண்டா. தள்ளுவண்டியில் மடிந்து போனது எங்களுடையது. ஐயோ பாவம் என்று நான் பார்த்து நின்றது என் மாமியாரைக் காப்பாற்றிய நசுங்கலை.

கணவரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தினார்.

"பாகல் ஹை க்யா? பைத்தியமா ஒனக்கு? சும்மா இரு. இப்ப போய்ச் சொன்னா என்ன ஆவும்? செத்தவன் எங்களுக்காக சாவல, அவன் சாமானுக்குத்தான் செத்தான்னு நாம கை கழுவுறோம்னு ஊரே பேசும்."

"அப்ப வச்சிக்கிடச் சொல்றீங்களா?"

"வச்சிக்கன்னு சொல்லல. சொல்லாதன்னு சொல்றேன்."

"சொல்லாம எப்படித் திருப்பிக் குடுக்க?"

"டெம்போல ஏத்தி வாசல்ல வச்சிட்டு வந்துரு."

அந்த அக்காவுக்கு இப்போது வாசலே இல்லை. மாட்டுங்காவில் சமையல் செய்யும் வீட்டின் பின்கட்டில் மகளோடு ஒண்டியிருக்கிறார்.

மாமாவிடம் சொன்னபோது முதலில் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நம்மது எங்கம்மா?"

தள்ளுவண்டியைச் சொன்னேன். மடங்காத காலை இரண்டு கையாலும் நீட்டி வைத்தார். அப்புறம் சொன்னார்.

"அவகிட்ட போய்ச் சொல்லு. ஒம் புருசன் ஊரான் பொருளுக்குச் சாவல, ஒன் பொருளக் காப்பாத்திக் குடுத்திட்டுத்தான் போனாம்னு சொல்லு. ஆறுதலா இருக்கும்லா?"

இருக்குமா?  ஒரு நாள் ஆறுதல் என்று தோன்றுகிறது. மறுநாள் கத்தி என்று தோன்றுகிறது. தன் வீட்டு அண்டா எதிரி வீட்டில் மூன்று வருடம் இருந்தது, அதை எடுக்கத்தான் புருசன் ஏறினான், அந்தக் குழப்பத்துக்கும் இவள்தான் காரணம். இப்படித்தானே கேட்கும்?

ஒரு முறை போனேன். சனிக்கிழமை. பதினொரு மணி. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே காய்கறிக் கடைகள். இசக்கியக்கா முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"அக்கா."

திரும்பினார்.

"யாரு? ஓ, அண்டாக்காரியா? என்ன, அண்டா சொகமா இருக்கா? கை கால் எல்லாம் நல்லாருக்கா அதுக்கு?"

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும்."

"ஒன் விசயத்த ஒன் அண்டாவுக்குள்ள போட்டு மூடு."

கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பணம் கொடுத்துவிட்டு நடந்தார். நான்கு எட்டு போய் நின்றார். திரும்பாமலே பேசினார். இப்போது குரலில் கத்தல் இல்லை.

"எங்க அண்டாவும் போச்சி. எங்கம்மா குடுத்தது. கொடைக்கு முந்தின வாரம்தான் சுகன்யா பேர வெட்டினேன். அவ கல்யாணத்தன்னைக்கு அதுலதான் சோறு பொங்கணும்னு அவுக சொல்லிட்டே இருப்பாக. நசுக்கி மடிச்சி ஏத்திட்டுப் போனானாம். ஒன்னோடது மட்டும் முழுசா இருக்கு."

என் நாக்கில் இருந்தது. அது முழுசா இருக்குக்கா, ஒங்களோடதுதான் முழுசா இருக்கு. ஒரு வரி. சொல்லவில்லை. அவர் போய்விட்டார். நான் ரயிலேறி வந்துவிட்டேன். முதலில் கூட்டத்துக்குப் பயந்தேன் என்று நினைத்தேன். அவர் அடிப்பார் என்று பயந்தேனா? இல்லை. இன்று எண்ணிப் பார்க்கிறேன். சொன்னதும் அவர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகப் போனவற்றை எழுதி வைக்கிறேன்.

வீடுகள் பதினேழு. அதில் எட்டுக் குடும்பங்களுக்கு மாற்று அறை கிடைத்தது. மற்றவர்களுக்குக் காகிதம் போதவில்லை. எங்களுக்கும்தான். எங்கள் வரிசை என்ற ஒன்று இப்போது இல்லை. யார் எங்கே என்று தெரியாது.

பதினோராம் வீட்டின் சாமான்கள் முழுவதும். கட்டில். பீரோ. தையல் மெஷின். சுகன்யாவுக்கு எடுத்த பட்டுப் புடவைகள் இரண்டு. வாசலில் போட்ட மிக்ஸியும் மெத்தையும்கூட மாலைக்குள் காணாமல் போயின.

என் மகளின் செவி. கேட்கிறது, ஆனால் விசில் சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ரயில்வே பிளாட்பாரத்தில். பள்ளி மைதானத்தில். குக்கர் விசிலுக்கு. குக்கரை நிறுத்திவிட்டேன்.

மாமா அதிகம் பேசுவதில்லை.

ஓர் அண்டா. சுப்பம்மாள், வேலம்மாள், காந்திமதி. என் பெயர் அதில் ஏறவில்லை.

ஆட்கள், ஒருவர். ஆறுமுகம். வெல்டர். வயது நாற்பத்தெட்டு.

வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் என்னைவிட நிதானமானவர்களாக இருப்பீர்கள். உங்களில் இசக்கியக்காவைப் போல இழந்தவர்களும் இருப்பீர்கள். அவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. அண்டாவை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதில் சந்தேகம் இல்லை. கணவர் சொல்வதுபோல ஒன்றும் சொல்லாமல் சுகன்யாவிடம் சேர்த்துவிட்டு ஒதுங்கலாமா? அவளுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவள் அம்மா இந்த முறை விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பார்த்ததும் புரிந்துவிடும். அப்போது பக்கத்தில் நான் இல்லாமல் இருப்பது சரியா? மாமா சொல்வதுபோல நேரில் போவதென்றால், எதிலிருந்து தொடங்குவது? கொடை நாளிலிருந்தா, கூரையிலிருந்தா? அண்ணன் யாருடைய பொருளுக்காக ஏறினார் என்பதை அவர் மனைவியிடம் சொல்லும் உரிமை, அவரைக் கூப்பிட்டவளுக்கு உண்டா?

தை பிறப்பதற்குள் எழுதுங்கள். அந்த அக்கா முன்னால் போய் நிற்கும்போது என் முதல் வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "இது உங்கள் அண்டா" என்பதா, "நான்தான் கூப்பிட்டேன்" என்பதா?